மூவர் நலம்

ஆலை கொடுத்த போன்களைச் சாயங்காலம் நாலு மணிக்குள் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆலை வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நானும் பொன்னுத்தாயும் ஜெசிந்தாவின் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பத்தாகிவிட்டது.

ஜெசிந்தா மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில், போனுக்கு உள்ளே ஓடுகிற சமாச்சாரங்களை எழுதிக்கொண்டிருந்தவள். அங்கே என்ன சண்டையோ, விட்டுவிட்டு வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். நான் மேசையில் எடுத்து வைத்த ஐந்து போன்களையும் ஒரு குச்சியால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே நேரத்துலயா அணைஞ்சுது?"

"ஆமா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஆலையில இருக்கிற அத்தனை பேரு போனும். புதுசா என்னமோ ஏத்துனாங்களாம், அது தப்பாப் போச்சாம்."

"செவ்வாய்க்கிழமை காலையிலதான ஆளுக செத்தது?"

"ஆமா."

"நல்ல நேரம் பாத்துத்தான் தப்பாப் போயிருக்கு" என்றாள்.

பொன்னுத்தாய் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். அவள் புருஷன் கொம்பையாவின் போன் அந்தக் கவரில்தான் வந்தது. கல்யாணமாகி நாற்பது நாள்.

எங்கள் ஆலை கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலை. கடலுக்கடியில் ஒன்பது குழாய்கள். ஆள் நிமிர்ந்து நடக்கலாம், அவ்வளவு பெரிசு. முறை வைத்து ஒவ்வொரு குழாயாக வற்றவிட்டு, உள்ளே ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி எடுக்க வேண்டும். தண்ணீர் வற்றினால் சிப்பி சாகும். செத்த சிப்பி அழுகும். அழுகினால் வாயு வரும். முதலில் கூமுட்டை நாற்றம் அடிக்கும், கூடிப்போனால் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றால் ஓடு என்பதுதான் குழாய்க்குள் போகிறவனுக்கு முதல் பாடம்.

செவ்வாய்க்கிழமை ஆறாம் குழாயில் நாலு பேர் ஓடவில்லை. மாடசாமி, சண்முகக்கனி, அருள்தாஸ், கொம்பையா. கொம்பையாவின் உடம்புதான் எல்லோருக்கும் உள்ளே, தள்ளிக் கிடந்தது. அதை வைத்துக் கம்பெனி ஒரு கதை சொன்னது. வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று, கோடு போட்ட எல்லைக்கு அப்பால் மற்ற மூவரையும் அவன்தான் கூட்டிப்போனானாம். மூன்று வீட்டுக்காரர்களும் அதை நம்பினார்கள். மாடசாமியின் மகள் பொன்னுத்தாயின் கதவுக்கு முன்னால் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். மறுநாள் காலை விசாரணை. அதற்குள் கொம்பையாவின் போன் என்ன சொல்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கம்பெனி கைக்குப் போய்விட்டால் அது ஒரு காலமும் சொல்லாது.

"வாசிக்கத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்திதான் சித்தி. கூட வாங்க" என்று பொன்னுத்தாய் என்னைக் கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியாததால் வந்தேன்.

காரணம் இதுதான். அந்தப் போனைக் கையில் கட்டிக்கொண்டுதான் குழாய்க்குள் போக வேண்டும். அது காற்றைப் பார்க்கும், ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்க்கும். ஆபத்தென்றால் அழுத்த ஓரத்தில் தனியாக ஓர் அபாயப் பொத்தானும் உண்டு. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அதிரும். உடனே கீழ்ப்பொத்தானை மூன்று தடவை, மேல்பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும். நான் நலம் என்று அர்த்தம். இரண்டு தடவை தவறினால் வேலையை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்கு நாள்கூலி கிடையாது. முழங்கைவரை ரப்பர் உறை, அதன்மேல் சளிபோலப் பாசி. எவன் உறையைக் கழற்றிக் கழற்றிப் பொத்தானை அழுத்துவான்? அதனால் போன்களைக் கழற்றிக் குழாய் வாயில் சிப்பிக்கூடை இழுக்கிற பொம்பளையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவள் மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் நலம் போடுவாள். ஆறாம் குழாயில் அந்தப் பொம்பளை நான்.

கொம்பையா மட்டும் கொடுக்க மாட்டான். "என் நலத்தை நானே போட்டுக்கிடுதேன் சித்தி" என்று சிரித்துக்கொண்டே போவான்.

"போனு சாகலக்கா" என்றாள் ஜெசிந்தா. "எந்திரிக்கத் தெரியாம கிடக்கு. தூங்குற ஆளு முதல்ல கண்ணு முழிக்கணும், அப்புறம் கைகாலு, அப்புறம்தான் பேச்சு. இது கண்ணு முழிச்சதோட நின்னு போச்சு. ஞாபகமெல்லாம் உள்ள அப்படியேதான் இருக்கும்."

"அப்ப எழுப்பிருங்க" என்றாள் பொன்னுத்தாய்.

"முழுசா எழுப்பக் கூடாதும்மா. எந்திரிச்ச உடனே டவரைத் தேடும். டவர் கிடைச்சா கம்பெனி அடுத்த உத்தரவை அனுப்புவான். எல்லாத்தையும் அழின்னு. அரை முழிப்புல வச்சே கேட்டுக்கிடணும். அதுக்குன்னு ஒரு சின்ன லினக்ஸ், போனை ஓட்டுற புரோகிராம், கட்டணும். டவர் கிடையாது, பாட்டு கிடையாது, படம் கிடையாது. திரையில நாலு வரி எழுதிக் காட்டணும், பொத்தானை அமுக்குனா கேக்கணும், உள்ள இருக்கிறதை மெமரி கார்டுல நகல் எடுக்கணும். ரெக்கவரின்னு சொல்லுவோம். வேற போனுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், அதை இதுக்குத் தக்கன வெட்டி ஒட்டணும்."

"கம்பெனி பூட்டி வச்சிருக்க மாட்டானா?" என்று நான் கேட்டேன். பூட்டியிருந்தால் நல்லது என்று ஒரு மனம் நினைத்தது.

"இந்தப் போனுல ஓடுறதே லினக்ஸ்தான். ஊருப் பொதுக்கிணறு மாதிரி, யாரும் இறைக்கலாம். கம்பெனி மேல ஒரு மூடி போட்டிருக்கான். கூலிக்காரன் போனுதானேன்னு மூடிக்குப் பூட்டு வாங்கல. அவன் கஞ்சத்தனம் நமக்கு நல்லதாப் போச்சு."

"எத்தனை நாளாகும்?"

"நாளா? நாலு மணின்னுல்லா சொன்னீங்க."

அவள் தட்ட ஆரம்பித்தாள். போனிலிருந்து ஒரு வயர் அவள் கம்ப்யூட்டருக்குப் போனது. பதினொன்றரை வரைக்கும் திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு தடவை வெள்ளைக்கோடு ஒன்று குறுக்கே ஓடி நின்றது. ஜெசிந்தா ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டபோதெல்லாம் பொன்னுத்தாய் எழுந்து எட்டிப் பார்த்தாள். சூப்பர்வைசர் ஞானதுரை, வீடு வீடாகப் போய்ப் போன்களை வாங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

"இந்த மாடலுக்குத் தொடுதிரை கேக்கல. பொத்தானை வச்சே ஓட்டிக்கிடுவோம். கீழ்ப்பொத்தான் வரி மாத்தும், மேல்பொத்தான் சரின்னு சொல்லும்" என்றாள் ஜெசிந்தா. "முதல்ல உங்க போனுலயே போட்டுப் பாப்போம் அக்கா. போனாலும் உங்களோடது. கொம்பையா போனு ஒண்ணே ஒண்ணுதான், அதுல விளையாட முடியாது."

பொன்னுத்தாய் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள். வயர் ஒழுங்காக நிற்காததால் ஜெசிந்தா இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். போனை நான் பிடித்துக்கொண்டேன்.

"திரை எரிய நேரமாகலாம். எழும்பிட்டா ஒரு அதிர்வு குடுக்கச் சொல்லியிருக்கேன். அதிர்ந்தா சொல்லுங்க."

போன் என் கையில் அதிர்ந்தது.

நான் சொல்லவில்லை. என் கட்டைவிரல் அதன் வேலையைச் செய்துவிட்டது. கீழே, கீழே, கீழே. மேலே.

திரையில் எழுத்து வந்தது. முதல் வரி, நகல் எடு. இரண்டாவது, சோதி. மூன்றாவது, அணை. நாலாவது, முழுதும் அழி. நாலாவது வரியில் விளக்கு நின்றது. அதன் கீழே ஒரு பட்டை இடமிருந்து வலமாக ஓடியது. ஜெசிந்தா வயரைப் பிடுங்குவதற்குள் முடிந்தும்விட்டது.

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"வேணும்னேதான் பண்ணீங்களா?"

"இல்ல."

"மூணு தடவை எண்ணி அமுக்குனீங்க. நான் பாத்தேன். எவன் சொல்லி அனுப்புனான்?"

"தாயே, சத்தியமா இல்ல. அதிர்ந்தா விரல் அப்படித்தான் போகும். வருஷம் ஏழாச்சு. தூக்கத்துல பக்கத்து வீட்டுப் போனு அதிர்ந்தாக்கூட விரல் போகும்."

செத்த மற்ற மூவரின் போன்களும் உடம்புகளோடு வந்தவை என்றுதான் பொன்னுத்தாயிடம் சொல்லியிருந்தேன். அவற்றை எடுத்து ஜெசிந்தா வெளிச்சத்தில் திருப்பினாள். கீறல் இல்லை, பாசி இல்லை, உப்பு இல்லை. கொம்பையாவின் போனை எடுத்தாள். ஓரமெல்லாம் பச்சை பூத்து, கண்ணாடி வெடித்து, சந்துகளில் சிப்பித்தூள் அடைந்திருந்தது.

"இந்த மூணும் குழாய்க்குள்ளயே போகல, என்ன?"

நான் சொன்னேன். மடியில் வைத்திருந்ததை, மூன்று பேருக்கும் நலம் போட்டதை, செவ்வாய்க்கிழமை பதினொன்று பத்துக்குப் போட்டதை, பதினொன்றரைக்கும் போட்டதை. பதினொன்று ஐம்பதுக்கு விரலை வைத்தபோதுதான் கூடை வெகுநேரமாக வரவில்லையே என்று உறைத்தது. அழுத்தாமல் குழாய்க்குள் கத்தினேன். பதில் வரவில்லை.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

ஜெசிந்தா திரும்பித் தட்ட ஆரம்பித்தாள். "என் தப்பும் உண்டு" என்றாள் கொஞ்சம் கழித்து, திரையைப் பார்த்தபடியே. "நிச்சயமான்னு ஒரு கேள்வி கேட்டிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன். இப்ப அழிக்கிறதையே எடுத்துடறேன். காப்பாத்துறதுக்குன்னு கட்டுனதுக்குள்ள அழிக்கிற வரி எதுக்கு? நகல் எடுக்கும். அது ஒண்ணுதான் தெரியும் அதுக்கு. உள்ள ஒரு எழுத்துகூட எழுதாது, பாக்க மட்டும் செய்யும்."

ஒன்றேகாலுக்குப் பொன்னுத்தாய் ஓடி வந்தாள். ஜீப் கிழக்குத் தெருவில் நிற்கிறது என்றாள். இரண்டேகாலுக்கு அடுத்த போன் எழும்பியது. மாடசாமியுடையது. அதை ஜெசிந்தா என் கையில் கொடுக்கவில்லை. நகல் ஒழுங்காக வந்தது. குழாய் வாயின் காற்று. சுத்தமான கடல்காற்று. காலையிலிருந்து பதினொன்றரைவரை ஒரே மாதிரி.

"இதுல ஒண்ணும் இல்ல" என்று பொன்னுத்தாயிடம் சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கொம்பையாவின் போனை வெறும் வயரால் எழுப்ப முடியவில்லை. பச்சையைச் சுரண்டி, பேட்டரியை மாற்றி, ஊசிமுனை அளவு இரண்டு இடங்களில் பற்றவைத்தாள். முதல் தடவை அதிர்ந்து அணைந்தது. இரண்டாம் தடவை அதிரவே இல்லை. மூன்று மணியாகியிருந்தது. பொன்னுத்தாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், வலிக்கிற மாதிரி. நான் விலக்கவில்லை. மூன்றாம் தடவை வெடித்த கண்ணாடிக்குள்ளிருந்து ஒரே ஒரு வரி தெரிந்தது. நகல் எடு.

ஜெசிந்தா மேல்பொத்தானை அழுத்தினாள். நகல் ஓடி முடிந்தது. ஒன்றுக்கு இரண்டு கார்டாகப் போட்டாள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்தபோது வாசலில் ஜீப் நின்றது.

"நீங்க வாசிங்க. அவனை நான் பாத்துக்கிடுதேன்." ஜெசிந்தா நடுவிலிருந்த தட்டிக்கதவைச் சாத்திவிட்டு முன்பக்கம் போனாள்.

"வாசிங்க சித்தி" என்றாள் பொன்னுத்தாய்.

எழுத்துக்கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"பத்து ஐம்பது. காற்று இயல்பு. தொழிலாளி நலம். இடம், குழாய் வாயிலிருந்து தொள்ளாயிரம் அடி."

"கோடு எத்தனை அடியில?"

"ஆயிரத்துல. கோட்டுக்கு இங்கிட்டுத்தான் இருந்திருக்கான்."

அவள் கவரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதினொன்று பத்து. வாயு அளவு மீறியது. அலுவலகத்துக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது."

அதற்கு அடுத்த வரியில் என் விரல் நின்றது. ஒரு தடவை மனதுக்குள் படித்தேன். புரியவில்லை. இன்னொரு தடவை படித்தேன். புரிந்துவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஞானதுரை, "யம்மா, எனக்கும் வேற போக்கு இல்ல. எண்ணிக் குடுத்தாத்தான் என்னை வீட்டுக்கு விடுவான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "இருங்க வே, பேட்டரி கழட்டிக் கிடக்கு, மாட்டித்தான் தரணும்" என்றாள் ஜெசிந்தா.

"ஏன் நிறுத்திட்டீய?"

"எழுத்து சின்னதா இருக்கு."

நான் அந்த வரியைத் தாண்டினேன், அது திரும்ப வந்த இடங்களிலும்.

"பதினொன்று பன்னிரண்டு. தொழிலாளி வாய் நோக்கி நடக்கிறார். எழுநூறு அடி. அறுநூறு. பதினொன்று பதினான்கு. நின்றார். அபாயப் பொத்தான் அழுத்தப்பட்டது. பதினொன்று பதினைந்து. தொழிலாளி உள்நோக்கி நடக்கிறார். தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து ஐம்பது. அபாயப் பொத்தான். அபாயப் பொத்தான்."

"வெளிய வந்துட்டாரா?"

"வந்துக்கிட்டு இருந்திருக்கான். அவங்க மூணு பேரும் கூட வரலைன்னு திரும்பியிருக்கான். அவன் கூட்டிட்டுப் போகலம்மா. கூப்பிடப் போயிருக்கான்."

"வந்திருக்கலாம்லா" என்றாள் பொன்னுத்தாய். கோபமாகத்தான் சொன்னாள். "அறுநூறு அடிக்கு வந்த மனுஷன் மிச்சத்தையும் வந்திருக்கலாம்லா."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை தடவை அமுக்கியிருக்காரு?"

கடைசி வரிவரை எண்ணினேன். "ஏழு."

"ஏழு தடவை அமுக்கியும் ஆபீசுல ஒருத்தருக்கும் கேக்கலையா? வாய்கிட்டத்தான நீங்க இருந்தீய? உங்களை ஒரு சத்தம் போட்டுக் கேக்கலையா? ஏன் சித்தி யாருமே வரல?"

தட்டிக்கு அப்பால் அவர்கள் பேச்சு தொடர்ந்து கேட்டது. நான் பதில் சொல்லாமல் இருந்தால் அவள் அப்படியே எழுந்து போயிருப்பாள். நான் வாசித்துச் சொன்னதை நம்பி, ஆயுசு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்திருப்பாள். விரலை மேலே கொண்டுபோய், தாண்டிய வரியில் வைத்தேன்.

"ஒரு வரியை விட்டுட்டேன். வாசிக்கேன், கேளு. பதினொன்று பத்து. ஒப்பீடு. இதே குழாயில் உள்ள மற்ற மூன்று போன்களில் காற்று இயல்பு. மூவர் நலம். ஆகவே இந்தப் போன் பழுது எனக் கொள்ளப்பட்டது. எச்சரிக்கை ஏற்கப்படவில்லை. போனின் ஒலி நிறுத்தப்பட்டது."

"அப்படின்னா?"

"நாலு போனுல மூணு ஒண்ணு சொல்லி, ஒண்ணு மட்டும் வேற சொன்னா, அந்த ஒண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு ஆபீசு கம்ப்யூட்டரே முடிவெடுத்துக்கிடும். ஆளு யாரும் பாக்குறதில்ல. அவன் போனு கத்தவும் அது வாயைப் பொத்திருச்சு. அவன் ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் இதே வரிதான் திரும்பத் திரும்ப வந்திருக்கு."

"அந்த மூணு போனும் உள்ளதான இருந்துச்சு? அதுல மட்டும் காத்து எப்படி நல்லாருக்கும்?"

"உள்ள இல்ல" என்றேன். "என் மடியில இருந்துச்சு. அந்த நலம் மூணும் நான் போட்டது."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. ஸ்டூலைப் பின்னால் தள்ளி, சுவரோடு போய் உட்கார்ந்துகொண்டாள். ஜெசிந்தா உள்ளே வந்து, போன்களை அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தாள். ஜீப் கிளம்பிப் போனது. மேசைமேல் இரண்டு கார்டுகள் கிடந்தன, நகத்தளவு.

"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா கம்பெனி முதல்ல உங்க கழுத்தைத்தான் பிடிப்பான் அக்கா" என்றாள் ஜெசிந்தா. "எங்க கணக்கு சரியாத்தான் வேலை செஞ்சுது, இந்தப் பொம்பளைதான் பொய் சொல்லிட்டான்னு சொல்லுவான். உண்மையும் அதுதான், பாதி."

பொன்னுத்தாய் எழுந்து ஒரு கார்டை எடுத்து முந்தானையில் முடிந்தாள்.

"மன்னிச்சேன்னு என்னால சொல்ல முடியாது" என்றாள், என் பக்கம் திரும்பாமல். "ஆனா நாளைக்கு நீங்கதான் வந்து வாசிக்கணும். ஒரு வரி விடக் கூடாது."

மறுநாள் விசாரணையில் எழுந்து நின்று வாசித்தேன். அதிகாரி நடுவில் இருந்தார், கம்பெனி இன்ஜினியரும் வக்கீலும் ஒரு பக்கம், மூன்று வீட்டுக்காரர்களும் ஒரு பக்கம். பதினொன்று பத்துக்கு வந்தபோது என் குரல் கம்மிவிட்டது. "சத்தமா" என்று பின்னாலிருந்து பொன்னுத்தாய் சொன்னாள். சத்தமாக வாசித்தேன். யார் மடியில் இருந்தது, யார் போட்ட நலம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மாடசாமியின் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். என் பேரையும் ஊரையும் ஒரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

ஜெசிந்தா சொன்னபடியேதான் வக்கீல் எழுந்தார். எங்கள் விதியில் குற்றமில்லை, ஒன்பது குழாய்களிலும் அதே விதிதான், நன்றாகச் சோதித்துப் பார்த்த விதி என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். "இப்படிப் போனை வாங்கி வெளியே வச்சுக்கிறது உங்க குழாய்ல மட்டும்தானாம்மா?"

"ஒன்பது குழாய்லயும் உண்டுய்யா. ஒவ்வொரு வாயிலயும் ஒரு பொம்பளை இருப்பா."

அவர் கம்பெனி இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "இப்ப அங்க வேலை நடக்குதா?"

"நேத்து சாயங்காலமே எல்லாருக்கும் புது போன் குடுத்தாச்சு சார். நின்ன வேலையை ஈடுகட்ட இன்னைக்கு நாலு குழாயை ஒண்ணா வத்தவிட்டு ஆள் இறக்கியிருக்கோம். ஒரு கோளாறும் இல்ல. எல்லாரும் நலம்னுதான்..."

அவர் சொல்ல வந்ததை முடிக்கவில்லை. அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மேசைப் போனை எடுத்து, ஆலை வாசலுக்குப் போடச் சொல்லிக் கத்தினார். வேலையை நிறுத்து, குழாய்க்குள் இருக்கிற ஆள் அத்தனை பேரையும் இப்போதே வெளியே எடு என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

பொன்னுத்தாய் என் பக்கத்தில் வந்து நின்றாள். "சத்தமா" என்ற ஒரு சொல்லைத் தவிர, முதல்நாளுக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் பேசினாள்.

"என்ன சொல்லுதாரு?"

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லுதாரு."

"யாரு சொல்லி?"

"உன் வீட்டுக்காரரு சொல்லி" என்றேன். "இப்பத்தான் கேட்டிருக்கு."